எரிமலைச் சறுக்கலா, மணல் சறுக்கலா?

நிகராகுவாவில் செர்ரோ நெக்ரோ என்ற எரிமலையில் பலகை போட்டுச் சறுக்கிவிட்டு, அதே பயணத்தில் பெருவின் வக்கச்சீனா மணல்மேடுகளிலும் சறுக்கிப் பார்த்தேன். ஊருக்கு வந்ததும் ஆளாளுக்குக் கேட்டது ஒரே கேள்வி: இரண்டில் எது நல்லா இருக்கும்? வேகம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்றுதான் எல்லாரும் ஒப்பிடுகிறார்கள். எனக்கென்னவோ விழுந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் இரண்டிலும் கட்டாயம் விழுவீர்கள்.

செர்ரோ நெக்ரோ என்றால் கருங்குன்று. 728 மீட்டர் உயரம். பெயர் பொய்யில்லை, அடி முதல் நுனி வரை கன்னங்கரேலென்று, ஒரு புல் பூண்டு கிடையாது. 1850 ஏப்ரலில்தான் இந்த மலையே தரையைப் பிளந்துகொண்டு முளைத்தது, எரிமலைக் கணக்கில் கைக்குழந்தை, அதனால்தான் செடிகொடி வந்து மூட இன்னும் நேரம் கிடைக்கவில்லை. சும்மா கிடக்கிற மலையும் இல்லை. 1992-ல் வெடித்தபோது பக்கத்து நகரமான லியோனில் சாம்பல் பாரம் தாங்காமல் வீட்டுக் கூரைகள் இடிந்தன. கடைசியாக வெடித்தது 1999-ல். மேலே போனதும் வழிகாட்டி காலால் தரையைக் கொஞ்சம் கிளறிவிட்டு, கையை வைத்துப் பார் என்றார். வைத்தேன், உடனே எடுத்துவிட்டேன்.

சாம்பல், சாம்பல் என்று எல்லாரும் சொன்னதால் விபூதி மாதிரி மெத்தென்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் பொடி ஜல்லி. உருகிய குழம்பு வானத்தில் தெறித்து, உள்ளே இருந்த வாயு கொப்பளித்து வெளியேறும்போதே இறுகிப்போன கல் அது. ஒவ்வொன்றிலும் ஊசித் துளைகள், துளையின் விளிம்பெல்லாம் கண்ணாடிச் சில்லு மாதிரி கூர். மணல்மேட்டு மணல் இதற்கு நேர் எதிர். காலங்காலமாகக் காற்று உருட்டி உருட்டி முனையெல்லாம் மழுங்கின மணல். பலகை, உடை, ஏறுகிற விதம், விழுந்தால் கிடைப்பது என்று இரண்டுக்கும் உள்ள எல்லா வித்தியாசமும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளம்புகிறது.

பலகையையே எடுத்துக்கொள்ளுங்கள். எரிமலையில் தருவது ஒட்டுப்பலகையில் செய்த சின்ன வண்டி மாதிரி ஒன்று. அடியில் தகடும், நம் ஆசாரிகள் சன்மைக்கா என்பார்களே, அந்த மாதிரி வழவழப்பான ஒரு துண்டும் அடித்திருக்கும். பிடித்துக்கொள்ள முன்னால் ஒரு கயிறு. கூடவே முழுக்கை முழுக்கால் அங்கி, கண்ணாடி, கையுறை. வக்கச்சீனாவில் நீளப் பலகையும் அடியில் தேய்க்க ஒரு மெழுகுத் துண்டும் தந்தார்கள், அவ்வளவுதான். நான் டீ-ஷர்ட்டோடுதான் சறுக்கினேன்.

ஏறுவதில் மணல்மேடு சந்தேகமில்லாமல் ஜெயிக்கிறது. வக்கச்சீனா, ஈக்கா நகரத்தை ஒட்டிய சின்னப் பாலைவனச் சோலை, நடுவில் ஒரு குளம், சுற்றிலும் வீடு உயரத்துக்கு மேல் மணல். பக்கி என்கிற திறந்த வண்டியில் உட்காரவைத்து மேட்டு உச்சிக்கே கொண்டுபோய் விடுகிறார்கள், சறுக்கி இறங்கினால் கீழே வந்து ஏற்றிக்கொள்கிறார்கள். (உண்மையில் சறுக்கலைவிட அந்த வண்டி ஓட்டம்தான் எனக்குப் பயம். ஓட்டுநர் விளிம்பில் ஒரு நொடி நிறுத்துவார், அப்புறம் மூக்கு குப்புற இறக்குவார்.) செர்ரோ நெக்ரோவில் பலகையை நீங்களேதான் சுமக்கவேண்டும். பாறையும் உருளுகிற கல்லுமாக முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஏற்றம், மேலே போகப்போக காற்று. விளிம்பில் நடக்கும்போது கையிலிருக்கும் பலகை பாய்மரம் மாதிரி காற்றை வாங்கி ஆளையே தள்ளும். எனக்கு முன்னால் போன பெண் பலகையைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார், காற்று அடங்கும்வரை எழுந்திருக்கவில்லை. புத்திசாலி.

இவ்வளவு ஏறி, இறங்குவது ஒரே தடவை. இரண்டு நிமிடம்கூட ஆகாது. மணல்மேட்டில் அதே மாலையில் ஐந்தாறு தடவை சறுக்கலாம். காசுக் கணக்கு பார்க்கிறவர்களுக்கு, நான் போனபோது எரிமலைக்கு 35 டாலருக்குள் ஆனது, வக்கச்சீனாவில் அதில் பாதிகூட ஆகவில்லை. ஒரு சறுக்கலுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் எரிமலைக்காரர் வயிறு எரியும்.

எரிமலைக்குள்ளேயே இன்னொரு போட்டி உண்டு: உட்கார்ந்து சறுக்குவதா, நின்றுகொண்டா? நின்று சறுக்குவது படத்தில் அழகாக இருக்கும். ஆனால் ஜல்லி, பலகையைப் பிடித்துப் பிடித்து நிறுத்தும், நாலு கஜம் போவது, விழுவது, எழுவது என்று பாதி மலை போய்விடும். பனியில் ஏற்கெனவே பழகினவர்களே முகம் சுளித்ததைப் பார்த்தேன். உட்கார்ந்தால் கதை வேறு. கயிற்றை இழுத்துப் பிடித்து, முதுகைப் பின்னால் சாய்த்து, காலைத் தூக்கினால் பலகை பறக்கும், குதிகாலை ஊன்றினால் வேகம் குறையும். ஆனால் ஊன்றின குதிகால் வாரியடிக்கிற கல்லெல்லாம் உங்கள் முகத்துக்குத்தான் வரும். அதனால் வழிகாட்டி சொன்ன ஒரே முக்கியமான அறிவுரை, வாயை மூடிக்கொள். கத்தினவர்களெல்லாம் கீழே வந்து கல் துப்பினார்கள். சரிவு செங்குத்தான இடத்தில் 40 டிகிரி இருக்கும், துணிந்தவர்கள் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டுகிறார்கள். 2002-ல் பிரெஞ்சுக்காரர் எரிக் பரோன் இதே மலையில் சைக்கிளில் இறங்கி மணிக்கு 172 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார், சைக்கிள் முறிந்து உருண்டு எலும்புகளும் முறிந்தன. அது வேறு வகைப் பைத்தியம், விடுங்கள்.

சரி, விழுவதற்கு வருவோம். முக்கால்வாசி தூரம் ஒழுங்காகத்தான் வந்தேன். இடது குதிகாலை மட்டும் கொஞ்சம் அழுத்தி ஊன்றிவிட்டேன், பலகை அந்தப் பக்கம் திரும்ப, நான் இந்தப் பக்கம். வலது முழங்கையில் அங்கி கிழிந்து, தேங்காய்த் துருவியில் தோலைத் தேய்த்த மாதிரி ஆகிவிட்டது. ரத்தம் அதிகம் இல்லை, ஆனால் தோலுக்கடியில் கருப்புப் பொடி புகுந்துவிட்டது. அன்று இரவு விடுதியில் உட்கார்ந்து ஊக்கு முனையால் ஒவ்வொன்றாக எடுத்தேன். குளித்த தண்ணீர் மூன்று நாளைக்குக் கருப்பாகவே போனது. மணலில் விழுந்தால் உருளுவீர்கள், காதில், வாயில், சட்டைப்பையில் மணல், எழுந்து சிரிப்பீர்கள். கால் சுளுக்கிக்கொண்டவர்கள் உண்டுதான், அதுவும் பெரும்பாலும் நின்று சறுக்கப் பார்த்தவர்கள்.

அதனால் குழந்தைகளோடு போகிறவர்கள், மூட்டுவலிக்காரர்கள், பலகையில் நிற்கக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் எல்லாருக்கும் மணல்தான். கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் பத்துத் தடவை விழவேண்டும், பத்துத் தடவை விழ எரிமலை ஏற்ற இடமில்லை. மணல் பிடித்துப்போய் இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் பெருவிலேயே நாஸ்கா ஊர்ப் பக்கத்தில் செர்ரோ பிளாங்கோ இருக்கிறது, கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் நிற்கும் மணல்மலை. வெயிலுக்கு முன்னால் கிளம்பி மணிக்கணக்கில் நடந்தே ஏறவேண்டும், வண்டி கிடையாது. நான் போகவில்லை. பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் யாசூர் எரிமலைச் சாம்பல் சரிவிலும் சறுக்குகிறார்கள். அது இன்றுவரை ஓயாமல் கல் எறிந்துகொண்டிருக்கிற மலை, 1774-ல் கேப்டன் குக் கடலிலிருந்து பார்த்ததே அதன் வெளிச்சத்தைத்தான். அதை வேடிக்கை பார்க்கப் போவேன், பலகையோடு போகமாட்டேன்.

என்னை இப்போது ஒன்றுக்கு மட்டும் திரும்பக் கூப்பிட்டால் செர்ரோ நெக்ரோ என்றுதான் சொல்வேன், நியாயமே இல்லாத பதில்தான். வேகத்துக்காக இல்லை. மேலே விளிம்பில் ஒரு பக்கம் கந்தகம் படிந்து மஞ்சளாகப் புகைகிற வாய், மறுபக்கம் கால் வைக்கப்போகிற கருப்புச் சரிவு. சரிவின் வயிறு முன்னால் புடைத்திருப்பதால் அடிவாரம் கண்ணுக்கே தெரியாது. முன்னால் இறங்கினவர் அந்த மடிப்பைத் தாண்டிக் காணாமல் போய், ரொம்ப நேரம் கழித்து எறும்பு மாதிரி கீழே தெரிவார். அதைப் பார்த்துக்கொண்டு வரிசையில் நின்ற பத்து நிமிடத்தை வக்கச்சீனாவின் ஆறு சறுக்கலும் தரவில்லை.

இரண்டுக்கும் போகிறீர்கள் என்றால் முதலில் பெரு, பிறகு நிகராகுவா. நான் மாற்றிச் செய்தேன். மணல்மேட்டில் குப்புறப் படுத்துச் சறுக்கினால் முழங்கையை உள்ளே மடக்கி ஊன்றவேண்டும், புண் ஆறாத முழங்கையை வைத்துக்கொண்டு முதல் இரண்டு மேட்டையும் வண்டியில் உட்கார்ந்தே வேடிக்கை பார்த்தேன்.