வேலூரில் ஒரு .32 பிஸ்டல்: பல வருஷப் பழக்கத்தில் தெரிந்தவை

எங்கள் கம்மவான்பேட்டைப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார், இல்லையென்றால் இருந்து வந்தவராக இருப்பார். துப்பாக்கிப் பேச்சு திண்ணையில் சாதாரணமாக ஓடும். இப்போது பையன்கள் போனில் வீடியோ பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "மாமா, அந்த .45, பேரல் முனையில மரை போட்டிருக்கே, அந்த மாதிரி ஒண்ணு நீங்க வாங்கிக்கினா இன்னா?"

வாங்க முடியாது. 9 மி.மீ., .45 (குண்டின் விட்டம், அங்குலக் கணக்கில்) போன்ற ராணுவ அளவுகள் இங்கே தனியாருக்குத் தடை செய்யப்பட்டவை. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைக்கும் பிஸ்டல் என்றால் நடைமுறையில் .32தான். மரை போடுவது சைலன்சர் மாட்டுவதற்கு. சத்தத்தையோ நெருப்புப் பொறியையோ குறைக்கும் எந்தத் துணைப் பாகமும் தடைப் பட்டியலில் இருக்கிறது. லைசென்ஸ் பிஸ்டலை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் மரை போட்டுத் தரச் சொல்லலாமா என்று ஒருவன் கேட்டான். அது ஜெயிலுக்குப் போகிற வழி. விளையாட்டுக்குக்கூட அந்தப் பேச்சை என் வாசலில் எடுக்க விடமாட்டேன்.

அந்த .45 எதற்காக வந்தது என்பதைச் சொன்னால் பையன்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள். அமெரிக்க ராணுவம் 1911இல் ஏற்றுக்கொண்ட பிஸ்டல், 1985 வரை அவர்களுடைய பிரதான கைத்துப்பாக்கியாக இருந்தது. அதன் குண்டு சுமார் 15 கிராம். கனமானது, ஆனால் மெதுவாகப் போகும். விநாடிக்கு ஏறக்குறைய 250 மீட்டர். ஒலியின் வேகம் 340 மீட்டர் சொச்சம். ஒலியை முந்தாத குண்டு காற்றில் வெடிச்சத்தம் எழுப்பாது. அதனால்தான் சைலன்சரும் .45ம் நன்றாகச் சேர்ந்தன. 1996இல் அமெரிக்கச் சிறப்புப் படைகள் வாங்கிய மார்க் 23 பிஸ்டலில் மரை தொழிற்சாலையிலேயே போட்டு வந்தது. பெரிய ஆயுதம் அது. இடுப்பில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுகிற சாமான் இல்லை.

என் தங்கை மகன் டெக்ஸாஸில் குடியுரிமை வாங்கி இருக்கிறான். அவனிடம் மரை போட்ட .45 ஒன்று உண்டு, மேகசினில் 15 தோட்டா. ஊருக்கு வந்தபோது மணிக்கணக்கில் அதைப் பற்றித்தான் பேசினோம். மரையைக் காக்க முனையில் ஒரு சின்ன மூடி திருகியிருக்கும். சுடச் சுட அது தளர்ந்து கழன்று வரும் என்பதால் ஒவ்வொரு மேகசின் முடிந்ததும் விரலால் திருகிப் பார்ப்பானாம். மூடியைக் கழற்றினால் மரையின் பள்ளங்களில் கரி அப்பியிருக்கும், பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். சைலன்சர் வாங்க அங்கேயும் 1934ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிவு உண்டு. "நூறு ரவுண்டு சுட்டா மணிக்கட்டு சொல்லும் மாமா" என்றான். நூறு ரவுண்டு! எனக்குப் பொறாமை வந்தது அந்தப் பிஸ்டலைப் பார்த்து அல்ல, அந்த நூறைக் கேட்டுத்தான்.

சர்வீஸில் நான் கையாண்டது 9 மி.மீ. 1ஏ. பிரௌனிங் ஹை பவர் என்ற பிஸ்டலின் வழி வந்தது, இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலைத் தயாரிப்பு, 13 தோட்டா. கைநிறைய இருக்கும், பிடித்தால் பிடித்த இடத்தில் நிற்கும். அதிலிருந்து .32க்கு வந்தபோது முதலில் விளையாட்டுச் சாமான் மாதிரித் தோன்றியது உண்மை. .32இன் குண்டு ஐந்து கிராம்கூட வராது, .45இன் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் இந்த .32 தோட்டாவையும் வடிவமைத்தது ஹை பவருக்குப் பேர் தந்த அதே ஜான் பிரௌனிங்தான், 1899 வாக்கில். உதைப்பு குறைவு, இரண்டாவது குண்டும் குறியின் பக்கத்திலேயே விழுகிறது. இந்த அளவு பிஸ்டல்களில் குறிமுள் சின்னது, என் வயதுக் கண்ணுக்குச் சாயங்கால வெளிச்சத்தில் சிரமம். பேரணாம்பட்டுப் பக்கம் நிலம் வைத்திருக்கும் நண்பர் காட்டுப்பன்றிக்கு இது ஆகுமா என்று கேட்டார். ஆகவே ஆகாது. இது வீட்டுக்குள், சில அடி தூரத்துக்கு.

பராமரிப்புதான் இங்கே பெரிய வேலை. சித்திரை வைகாசி வெயிலில் கை வியர்வை உப்பாகப் படியும், ஐப்பசியில் காற்று ஈரமாகும். ஸ்லைடின் (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம்) பின்பக்க வரிப்பள்ளங்களில்தான் துரு முதலில் எட்டிப் பார்க்கும், தவிட்டு நிறத்தில் ஊசிமுனைப் புள்ளியாக. எடுத்துக் கையாண்ட அன்றே எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டால் வராது. நம் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு: தோல் உறை. ஆம்பூரில் தெரிந்த தொழிலாளி ஒருவர் தைத்துக் கொடுத்தது அருமையான வேலை, தையல் இன்றுவரை பிரியவில்லை. ஆனால் தோல் உறை சுமப்பதற்குத்தான், வைப்பதற்கு அல்ல. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மரப்பட்டையில் பதனிட்ட தோலாக இருந்தால் அதிலுள்ள அமிலம் பித்தளையைத் தின்னும். குடியாத்தத்து நண்பர் தோல் பெல்ட்டில் தோட்டாக்களைச் செருகி அலமாரியில் வைத்திருந்தார். உருவிப் பார்த்தபோது ஒவ்வொன்றிலும் தோல் பட்ட இடத்தில் பச்சைக் களிம்பு வளையமாகக் கட்டியிருந்தது. என் பிஸ்டல் எண்ணெய்த் துணியில் இரும்புப் பெட்டிக்குள், தோட்டா வேறு பெட்டியில், இரண்டு சாவியும் என்னிடம். பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீடு. இதில் சமரசமே கிடையாது.

அப்புறம் தேர்தல். அறிவிப்பு வந்தால் துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தல் ஏப்ரல் 18ஆம் தேதி நடக்க இருந்தது. இரண்டு நாள் முன்னால் ரத்தாகி ஆகஸ்ட் 5ஆம் தேதிக்குப் போனது. மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு தேர்தல், நமக்கு அது நீண்டுகொண்டே போன கதை. திரும்பி வாங்கும்போது அவசரப்படாமல் எண்ணைச் சரிபார்த்து, மேகசினைக் கழற்றி, பேரலின் தோட்டா அறை காலியா என்று அங்கேயே பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் முழுசாகப் பிரித்துத் துடையுங்கள், புழுதி உள்ளே போயிருக்கும். அதே வருஷக் கடைசியில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து நண்பர்கள் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸுக்கு வருவதை விட்டுப் புது அலுவலகங்களைத் தேடிப் போனார்கள். நல்லதும் ஒன்று நடந்தது: ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் லைசென்ஸ் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்தானது. ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்ற வரம்பும் அதில்தான் வந்தது.

என் உண்மையான குறை பயிற்சி. தோட்டா விலை கையைக் கடிக்கிறது, லைசென்ஸில் எழுதிய அளவுக்கு மேல் வாங்கவும் முடியாது, சொந்த நிலமாக இருந்தாலும் கிணற்று மேட்டில் நின்று சுட்டுப் பழக முடியாது. எனக்குத் தோதான ரேஞ்ச் சென்னையில்தான், போக மட்டும் 140 கிலோமீட்டர். சர்வீஸில் கை தானாகச் செய்த வேலைக்கு இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது. அடிக்கடி சுடாதவன் கையில் .45 இருந்தாலும் .32 இருந்தாலும் வித்தியாசம் இல்லை, தினம் சுடுகிறவனுக்கு .32 போதும். பெரிய அளவுக்கு ஏங்குகிற பையன்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். சுடுவதில் உண்மையிலேயே ஆசை இருந்தால் கிளப்பில் சேர்ந்து ஏர் பிஸ்டலில் பத்து மீட்டரில் ஆரம்பிக்கட்டும். தோட்டா செலவு இல்லை, மூச்சும் விரலும் அங்கேதான் பழகும்.

லைசென்ஸுக்கு மனு போட நினைப்பவர்கள் 2016 ஆயுத விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிக்கான சான்றிதழ் கேட்பார்கள், அதை முதலில் வாங்குங்கள். துப்பாக்கிக்குப் பணம் சேர்க்கும்போதே இரும்புப் பெட்டிக்கும், வருஷா வருஷம் ரேஞ்சுக்குப் போய்வரும் செலவுக்கும் சேர்த்தே ஒதுக்குங்கள்.