நாலு வயசுக்கு ஸ்பைடி சரி, ஸ்பைடர்மேன் இப்போதைக்கு வேண்டாம்

திருப்பூரில் குழந்தைகளுக்கான டி-ஷர்ட் தைக்கிற ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். நாள் முழுக்கக் கையில் புரள்வது முகமூடி போட்ட மூஞ்சிகள்தான். இரண்டு வயசு சைஸிலும் அதே சிலந்தி, பன்னிரண்டு வயசு சைஸிலும் அதே சிலந்தி. பிரிண்ட் மட்டும் கொஞ்சம் சின்னதாகும். காதர்பேட்டை கடைகளில் பொடுசுகள் அம்மாவின் கையை இழுத்து இழுத்துக் கேட்பதும் அதைத்தான். சட்டைக்கு வயசு பார்க்க வேண்டியதில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. டிவியில் போடுவதற்குப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

என் பையனுக்கு நாலு வயசு. நான் ஒன்றரை ஷிப்ட் போகிற நாளில் அவனை என் அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். அவன் கேட்பது 'ஸ்பைடி அண்ட் ஹிஸ் அமேசிங் ஃபிரெண்ட்ஸ்', ஸ்பைடர்மேனைப் பொடுசுகளுக்காகச் சின்னதாக்கிய கார்ட்டூன். டிஸ்னி ஜூனியரில் 2021-ல் தொடங்கிய தொடர், பள்ளிக்கூடம் சேராத பிள்ளைகளை மனதில் வைத்தே எடுத்தது. பீட்டர், க்வென், மைல்ஸ் என்று மூன்று பேர், மூன்று பேருமே சிலந்தி வேஷம். ஒரு எபிசோடில் இரண்டு குட்டிக் கதை இருக்கும். ரைனோ, டாக் ஆக், கிரீன் காப்ளின் மாதிரி வில்லன்கள் மாறி மாறி வந்து எதையாவது தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், இல்லை ஊரில் ரவுசு பண்ணுவார்கள். டாக் ஆக் இதில் பெண். ரத்தம் இல்லை, யாரும் சாவதில்லை. பெரும்பாலும் வலையை வீசிப் பிடிப்பதோடு சண்டை முடிந்துவிடும். ஒருத்தனால் முடியாதபோது மற்ற இருவரையும் கூப்பிடுகிறான். எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஒரு கார்ட்டூன் பொருந்துமா என்று தெரிய, நான் திரையை விட அதற்கப்புறம் நடக்கும் விளையாட்டைத்தான் கவனிப்பேன். ஸ்பைடி பார்த்த சாயங்காலம் இவன் கட்டில் காலுக்கும் கதவுக்கும் நடுவே நூலைக் கட்டி, அந்தப் பக்கம் வந்த அம்மாயியைப் பிடித்துவிட்டான். "ஏஞ்சாமி, நானென்ன களவாணியா?" என்று அம்மா கேட்க, "இல்லீங்க அம்மாயி, நீங்க ரைனோ" என்றான். அவருக்கு அது யாரென்று இன்றுவரை தெரியாது, ஆனாலும் முட்டுகிற மாதிரி தலையை ஆட்டிக் காட்டினார். பெருந்துறையிலிருந்து அக்கா மகன் வந்து தங்கியபோது ஓடியது வேறு கார்ட்டூன். பெரிய பிள்ளைகளுக்கானது. கட்டடம் சரியும், ஆள் பறந்து போய்ச் சுவரில் விழுவான். அன்றைக்கு இவன் நூலைத் தொடவே இல்லை. வருகிறவர் போகிறவர் காலிலெல்லாம் உதைதான்.

என் வீட்டுக் கதையை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. அமெரிக்காவில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் சாரா காயின் குழுவினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பள்ளிக்குப் போகாத வயசுப் பிள்ளைகள் 240 பேர். சூப்பர்ஹீரோவில் அதிகம் மூழ்கியவர்களிடம் ஒரு வருஷம் கழித்து அடிதடி கூடியிருந்தது. அடுத்தவருக்கு உதவுவதோ, அடிபடுகிறவனுக்காகப் பரிந்து நிற்பதோ கூடவில்லை. நல்லவன் ஜெயிக்கிறான், நல்ல பாடம்தானே என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோமே, அதற்குத்தான் இது இடிக்கிறது. ஆனால் அது வந்தபோது ஸ்பைடி தொடர் பிறக்கவே இல்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

'பிஜே மாஸ்க்ஸ்' 2015-ல் தொடங்கிய கார்ட்டூன். ராத்திரி பைஜாமாவோடு ஹீரோவாகிற மூன்று பிள்ளைகள். வன்முறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் கதை தவறாமல், மூவரில் ஒருவர் பொறாமைப்பட்டோ பிடிவாதம் பிடித்தோ காரியத்தைக் கெடுத்து, கடைசியில் திருந்துவதாகவே போகும். கெடுப்பது பத்து நிமிஷம், திருந்துவது அரை நிமிஷம். நாலு வயசுப் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்? மூன்று கால் நாய் வரும் ஒரு கார்ட்டூனைப் போட்டுக் காட்டிப் பிள்ளைகளிடம் பாடம் கேட்டார்கள் 2008-ல் ஓர் ஆய்வில். வித்தியாசமாக இருப்பவர்களை ஒதுக்காதே என்பது கதை. மூன்று கால் நாயிடம் அன்பாக இரு என்கிற அளவில் நின்றுகொண்டார்கள் நிறையப் பேர். எனவே பிஜே மாஸ்க்ஸ் ஆறு வயசுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

நம்மூர் பீமை விட முடியுமா? 'சோட்டா பீம்' லட்டு தின்றதும் குத்துவிடுவார். அது எல்லோருக்கும் தெரிந்ததே, எனக்குப் பெரிய மதிப்பில்லை. 2019-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'மைட்டி லிட்டில் பீம்' வேறு ரகம். பீம் அதில் தவழ்கிற குழந்தை, வசனமே கிடையாது. அம்மாயியும் பேரனும் ஒரே இடத்தில் சிரிக்கிறார்கள். மூன்று வயசுக்கு முதலில் இதைப் போடுங்கள்.

ஸ்பைடியில் குறை இல்லாமல் இல்லை. சீசனுக்குச் சீசன் புது டிரஸ், புது வண்டி. இரண்டாவது சீசனில் உடையெல்லாம் மினுமினுக்க ஆரம்பித்தது. கதைக்கு அது தேவையா என்றால் இல்லை, கடைக்குத் தேவை. இந்தத் தொழிலில் சோறு தின்கிற எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது.

ஆபத்து தொடருக்கு வெளியேதான் அதிகம். அம்மாவின் போனில் மைக்கை அமுக்கி "ஸ்பைடர்மேன்" என்று இவன் சொன்னால் எது வேண்டுமானாலும் வரும். சிலந்தி வேஷத்தையும் 'ஃப்ரோசன்' படத்து எல்சாவையும் வைத்துக் கண்றாவியாக எடுத்த வீடியோக்கள் 2017-ல் எல்சாகேட் என்று சர்ச்சையாகி, யூடியூப் பல சேனல்களை நீக்கியது. அதனால் எங்கள் வீட்டில் டிவியில், குழந்தைகள் ப்ரொஃபைலில் மட்டும்தான். ஓடிடி தொடர்களில் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+ என்று 2021 விதிகளின்படி வயசு போட்டிருக்கும். அதைப் பாருங்கள், போஸ்டரைப் பார்க்காதீர்கள். இரண்டிலிருந்து நாலு வயசுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அடுத்த எபிசோடு தானாக ஓடுவதை செட்டிங்கில் நிறுத்திவிட்டால் பாதிச் சண்டை குறையும். மூத்த பையன் இருக்கிற வீடென்றால், அவனுடைய கார்ட்டூனைச் சின்னது தூங்கிய பிறகு பார்க்கச் சொல்லுங்கள். அக்கா மகனிடம் சொல்லிப் பார்த்தேன். "அவனத் தூங்க வைங்க சித்தி, பாத்துக்கறேன்" என்றான்.