வண்ணம் ஏன் விழவில்லை? கிரிட்டா கையேட்டுடன் ஆறு ஆண்டுகள்

கணினியில் ஓவியம் தீட்டும் கிரிட்டா என்ற நிரலில், கன்னத்து நிழலைத் தனி லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கில்) தீட்டிக்கொண்டிருந்தேன். பாதி வேலையில் வண்ணம் விழுவது நின்றுவிட்டது. பேனாவை அழுத்திப் பார்த்தேன். தூரிகையின் அளவைக் கூட்டினேன், வண்ணத்தை மாற்றினேன். திரையில் தூரிகையின் வட்டம் பேனாவோடு நகர்கிறது. வண்ணம் மட்டும் வரவில்லை. போதாக்குறைக்கு, ஏற்கெனவே தீட்டியிருந்த நிழல் அந்த வட்டம் போன வழியெல்லாம் கரைந்துகொண்டிருந்தது. கையேட்டைத் திறந்து, தூரிகை வேலை செய்யவில்லை என்று தேடினேன். தூரிகையைப் பற்றிய பக்கங்கள் ஏராளமாக வந்தன. அளவு, அடர்த்தி, முனை, இழைநயம் என்று எல்லாம் இருந்தது. என் கேள்விக்கான விடையும் அதே கையேட்டில்தான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு அன்றைய மாலை முழுவதும் ஆனது.

காரணம் ஒற்றை விசை. கிரிட்டாவில் ஆங்கில 'ஈ' விசையைத் தட்டினால், கையில் இருக்கும் தூரிகை அப்படியே அழிப்பானாக மாறிவிடும். மறுபடி தட்டினால் தூரிகையாகத் திரும்பும். இது அருமையான வசதி. சாக்பீஸ் போன்ற தூரிகையால் வரைந்ததை அதே சாக்பீஸின் சொரசொரப்போடு அழிக்கலாம். அழித்த விளிம்பு வரைந்த விளிம்பைப் போலவே இருக்கும். (கிரிட்டா என்பதே சுவீடிய மொழியில் சாக்பீஸைக் குறிக்கும் சொல்.) ஆனால் என் விரல் அந்த விசையில் பட்டது எனக்குத் தெரியாது. 'அழிப்பான் நிலை' என்று ஒன்று இருப்பதும் தெரியாது. பெயர் தெரியாத ஒன்றை எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது? இந்தக் கேள்வியோடுதான் ஆறு ஆண்டுகளாகக் கையேடுகளைப் படிக்கிறேன். கடைசி மூன்று ஆண்டுகளாக, முடிந்த அளவுக்கு அவற்றைத் திருத்தவும் உதவி வருகிறேன்.

கிரிட்டாவுக்கு வந்தது 2019இல், 4.2 பதிப்பு வெளியான சமயம். அதற்கு முன் வேறொரு ஓவிய நிரலைக் காசு கொடுத்து வாங்கிப் பயன்படுத்தினேன். அதன் கையேடு மெனுவை வரிசையாகப் படித்துக் காட்டும். கூர்மையாக்கும் கட்டளை படத்தைக் கூர்மையாக்கும், மங்கலாக்கும் கட்டளை படத்தை மங்கலாக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. மெனுவிலேயே எழுதியிருப்பதைத் திரும்ப எழுதுவதால் யாருக்கு என்ன பயன்? எப்போது அதைத் தொட வேண்டும், எப்போது தொடக்கூடாது, தொட்டபின் எதைக் கவனிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் கிடையாது.

அந்தப் பழக்கத்தோடு வந்த எனக்குக் கிரிட்டாவின் கையேடு பெரிய வியப்பாக இருந்தது. பயனர் கையேடு, பொதுக் கருத்துகள், விளக்கத் தொகுப்பு, பயிற்சிகள், அடிக்கடி கேட்கும் கேள்விகள் என்று தனித்தனிப் பகுதிகள். இணையம் இல்லாத இடத்தில் படிக்க ஈபப் என்ற மின்னூல் வடிவமும் உண்டு. இவற்றில் பொதுக் கருத்துகள் பகுதியைத்தான் நான் அதிகம் படித்தேன். அது நிரலைப் பற்றி மட்டும் பேசவில்லை. வண்ணத்தைப் பற்றியே பேசுகிறது. சிவப்பும் பச்சையும் சந்திக்கும் இடத்தை மங்கலாக்கினால் நடுவில் அழுக்கான ஒரு கருங்கோடு விழுவதைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்திருந்தேன். வண்ணங்களை எண்களாகக் குறிக்கும் வழக்கமான எஸ்ஆர்ஜிபி முறையில் அந்த எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இல்லை, அதனால் அந்த எண்களைக் கலக்கும்போது நடுப்பகுதி இருண்டு போகிறது, எண்கள் ஒளிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் நேரியல் வண்ணவெளியில் கலந்தால் அங்கே மஞ்சள் பளிச்சென்று வரும் என்பது அங்கே படித்த பிறகுதான் புரிந்தது. நேரியல் வெளியில் வண்ண எண்ணைச் சேமிக்க 8 பிட் போதாது, இருண்ட பகுதிகளில் பட்டை பட்டையாகத் தெரியும், 16 பிட்டுக்குப் போக வேண்டும் என்பதும் கூடவே தெரிந்தது. ஒரு நிரலின் கையேடு என் கண்ணைப் பற்றிய ஐயத்தைத் தீர்த்து வைத்ததை நான் மறக்க மாட்டேன்.

ஆனாலும் தடுக்கி விழுவது நிற்கவில்லை. ஒவ்வொரு தடுமாற்றத்தையும் அது நேர்ந்த நாளிலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். என்ன செய்ய நினைத்தேன், திரையில் என்ன தெரிந்தது, என்ன சொல்லைப் போட்டுத் தேடினேன், விடை கடைசியில் எங்கே இருந்தது. இந்த நான்கு மட்டும். நாளை எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் எழுத முடியாது. விடை தெரிந்த பிறகு, தெரியாமல் இருந்த நிலை மனதை விட்டுப் போய்விடும். அப்புறம் நாமும் தெரிந்தவர்களின் சொற்களில்தான் பேசுவோம்.

அந்தக் குறிப்பேட்டில் மிக நீளமான பதிவு, ஆல்ஃபாவைப் பெற்றுக்கொள்ளும் வசதியைப் பற்றியது. ஆல்ஃபா என்பது ஓர் இடம் எவ்வளவு ஒளிபுகாமல் இருக்கிறது என்ற அளவு; இந்த வசதி மேல் லேயரின் வண்ணத்தைக் கீழே வண்ணம் இருக்கும் இடத்துக்குள் மட்டும் காட்டும். ஒரு லேயரில் பறவையின் உருவத்தை ஒரே நிறத்தில் நிரப்பியிருந்தேன். மேலே இன்னொரு லேயர் வைத்து இறகின் புள்ளிகளை வரைய வேண்டும். புள்ளிகள் பறவையைத் தாண்டி வெளியே போகக்கூடாது. மற்ற நிரல்களில் கீழே இருக்கும் லேயரோடு கொக்கி போட்டால் வேலை முடிந்தது. கிரிட்டாவில் லேயர் பட்டியலில் ஆல்ஃபா குறியைத் தட்டினேன். ஒன்றும் மாறவில்லை. புள்ளிகள் தாள் முழுக்கச் சிதறிக் கிடந்தன. மீண்டும் தட்டினேன், அப்போதும் அதே நிலைதான்.

நடந்தது இதுதான். கிரிட்டாவில் அந்தக் குறி, நேர்கீழே உள்ள ஒரு லேயரை மட்டும் பார்ப்பதில்லை. அதே குழுவில் கீழே இருக்கும் எல்லா லேயர்களையும் சேர்த்துப் பார்க்கிறது. என் பறவைக்கு அடியில் வெள்ளைப் பின்னணி லேயர் ஒன்று தாள் முழுவதையும் மூடியிருந்தது. ஆகவே கீழே எல்லா இடத்திலும் வண்ணம் இருக்கிறது, எங்கும் வெட்டத் தேவையில்லை என்று நிரல் சரியாகவே முடிவு செய்தது. பறவையையும் புள்ளிகளையும் ஒரு குழுவுக்குள் போட்டதும், குழுவுக்கு வெளியே நிற்கும் வெள்ளைப் பின்னணி கணக்கில் வராமல் போனது. புள்ளிகள் பறவைக்குள் அடங்கின. காரணம் தெரிந்த பிறகு இந்த முறைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு குழுவுக்குள் உடல், சிறகு, அலகு என்று பல லேயர்கள் இருந்தாலும் அத்தனைக்கும் சேர்த்து ஒரே நிழல் லேயர் போதும்.

கையேட்டில் இதற்கென்றே ஒரு பயிற்சிப் பக்கம் உண்டு, நன்றாகவும் எழுதப்பட்டிருக்கிறது. நான் அதைத் திறக்காததற்குக் காரணம், என் சிக்கலுக்குப் பெயர் ஆல்ஃபா என்று எனக்குத் தோன்றவில்லை. குறி வேலை செய்யவில்லை என்றுதான் தோன்றியது. ஓராண்டுக் குறிப்புகளை ஒன்றாக வைத்துப் படித்தபோது இதே கதைதான் திரும்பத் திரும்ப வந்தது. டேப் விசை பட்டுக் கருவிப்பட்டைகள் எல்லாம் மறைந்துபோய், ஓவியம் மட்டும் தெரியும் நிலைக்குப் போனது. படத்தில் ஒரு பகுதியை மட்டும் குறித்துக்கொள்ள எப்போதோ போட்ட தேர்வு கண்ணுக்குத் தெரியாத மூலையில் கிடந்து, மற்ற இடங்களில் வண்ணம் விழாமல் தடுத்தது. பேனாவின் அழுத்தம் கோட்டில் தெரியாமல் போனது. பெரும்பாலானவற்றுக்குக் கையேட்டில் விடை இருந்தது. இல்லாதவை மிகச் சில. ஆக, கையேட்டை மேம்படுத்துவது என்றால் புதிதாகப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவது என்ற என் எண்ணம் மாறியது. இருக்கும் பக்கத்துக்குத் தடுமாறுகிறவரின் சொல்லில் ஒரு வழி வெட்டிக் கொடுத்தால் போதும்; பல இடங்களில் ஒரே ஒரு வாக்கியம்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சேர்ப்பதற்குள் சிறிது கற்க வேண்டியிருந்தது. கிரிட்டாவின் கையேடு முன்பு விக்கியாக இருந்தது. 2018இல், எளிய உரைக் கோப்புகளிலிருந்து கையேட்டை உருவாக்கும் ஸ்ஃபிங்ஸ் என்ற கருவிக்கு மாறியது. பக்கங்கள் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்ற எளிய உரை வடிவில் இருக்கின்றன. கிரிட்டா சார்ந்திருக்கும் கேடிஈ என்ற திறமூல அமைப்பு, கோப்புகளைப் பலர் சேர்ந்து திருத்துவதற்காக வைத்திருக்கும் கிட்லேப் தளத்தில் யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துத் திருத்தி அனுப்பலாம். தலைப்புக்கு அடியில் போடும் கோடு தலைப்பைவிடக் குட்டையாக இருந்தால் எச்சரிக்கை வரும். ஓர் இடைவெளி கூடினால் பத்தி உள்ளே தள்ளி மேற்கோளாகிவிடும். இரண்டு மாலைகளில் கை பழகிவிடுகிறது. ஓவியர்கள் இதைப் பார்த்து ஒதுங்கிவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். தடுமாறிய இடத்தை எழுதக்கூடியவர்கள் அவர்கள்தானே. குறியீடு வராவிட்டால் போகட்டும், என்ன தேடினீர்கள் என்பதை மட்டும் எழுதி அனுப்புங்கள் என்று தெரிந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்களின் வேலையை அருகில் இருந்து பார்த்த பிறகு என் எழுத்தே மாறியது. கையேட்டின் ஒவ்வொரு பத்தியும் மொழிபெயர்ப்புக் கோப்பில் ஒரு தனி உருப்படியாகப் போகிறது. மூலத்தில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் அந்த உருப்படி முழுவதும் சரிபார்க்க வேண்டியது என்று குறிக்கப்படும். பன்னிரண்டு வரிப் பத்தியில் நான் அழகுக்காக ஒரு சொல்லை மாற்றினால், அத்தனை மொழிகளிலும் யாரோ ஒருவர் அந்தப் பன்னிரண்டு வரியையும் மறுபடி படிக்க வேண்டும். இப்போதெல்லாம் பத்திகளைச் சிறிதாக வைக்கிறேன், காரணம் இல்லாமல் எதையும் தொடுவதில்லை. படத்துக்குள் எழுத்து வைப்பதையும் விட்டுவிட்டேன். அம்புக்குறியோடு 'இங்கே அழுத்தவும்' என்று படத்திலேயே எழுதிவிட்டால் அதை எந்த மொழிபெயர்ப்பாளராலும் தொட முடியாது.

திரைப்பிடிப்புகள் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: குறைவாக இருக்க வேண்டும். முழுத் திரையைப் பிடித்துப் போடும் படம் அடுத்த பதிப்பிலேயே பழையதாகிவிடுகிறது. 2021 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பு தூரிகைகள் முதலிய வளங்களைக் கையாளும் முறையையே அடியோடு மாற்றியது. அனிமேஷன் பகுதியும் மாறியது. எந்த வசதி எந்தப் பதிப்பில் வந்தது என்று பக்கத்திலேயே குறிக்கும் வழக்கம் கிரிட்டா கையேட்டில் இருப்பது அந்த மாதிரி நேரங்களில் பெரிய துணை. படம் தேவைப்படும் இடத்தில் இரண்டு போதும்: செய்வதற்கு முன், செய்த பின். பறவை விஷயத்தில் எனக்குப் புரியவைத்தவை அப்படிப்பட்ட இரண்டு சிறிய படங்கள்தான், ஓயாமல் சுற்றும் அசைபடம் அல்ல. படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்காக ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி மாற்று உரையும் வேண்டும். படத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று நமக்கே தெளிவாக இருந்தால்தான் அந்த வரியை எழுத வரும்.

காணொளி இருக்கும்போது கையேடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. காணொளியில் கையின் வேகம் தெரிகிறது, அதை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஆனால் இருபது நிமிடக் காணொளியில் ஒரு விசையின் பெயர் தவறாகச் சொல்லப்பட்டிருந்தால் அந்த ஒரு நொடியை மட்டும் திருத்தி வைக்க முடியாது. கையேட்டில் அன்றே திருத்திவிடலாம்.

சென்ற மாதம் அக்காள் மகளுக்குக் கிரிட்டாவை நிறுவிக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன், கேட்டால்கூடச் சொல்ல மாட்டேன் என்று முன்பே சொல்லிவைத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் அவள் விரல் 'எம்' விசையில் பட்டது. அது பார்வையை மட்டும் கண்ணாடிபோல் இடவலமாகத் திருப்பும் விசை. முகத்தின் கோணலைக் கண்டுபிடிக்க ஓவியர்கள் நாள் முழுவதும் பயன்படுத்துவது. அவளுக்குத் தெரிந்தது, தான் வரைந்த பூனை வேறு பக்கம் பார்க்கிறது என்பது மட்டும். "மாமா, படம் ஏன் திரும்பிக்கொண்டது?" என்றாள். நான் பேசாமல் இருந்தேன். மெனுவில் தேடிப் படத்தை இடவலமாகத் திருப்பும் கட்டளையைக் கண்டுபிடித்து அழுத்தினாள். திரையில் பூனை பழையபடி நின்றது. மகிழ்ச்சியோடு மூலையில் தன் பெயரை எழுதி, கோப்பாக ஏற்றுமதி செய்து, தன் அம்மாவுக்கு அனுப்பினாள். அங்கே பூனை மறுபக்கம் பார்த்தது. பெயரும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய எழுத்தாக இருந்தது. திரும்பியது பார்வை; அவள் திருப்பியது படம்.

அப்போதுதான் அவளுக்கு விளக்கினேன். இருவருமாகப் பார்வையையும் படத்தையும் சரிசெய்து, பெயரை மறுபடி எழுதி அனுப்பினோம். அதற்கு முன்பே, அவள் என்னிடம் கேட்ட சொற்களையும் கையேட்டில் தேடிய சொற்களையும் குறிப்பேட்டில் அப்படியே எழுதியிருந்தேன். கண்ணாடி என்ற சொல் அவற்றில் எங்குமே இல்லை. படம் திரும்பிக்கொண்டது என்றுதான் இருந்தது. அதையே ஒரு வாக்கியமாக்கி, பார்வையைத் திருப்புவது பற்றிய பக்கத்துக்கான திருத்தத்தில் சேர்த்து அன்றிரவே அனுப்பினேன்.