கட்டடக்கலை படிக்க லேப்டாப்: ஐந்து வருட ஓட்டத்தில் எது முதலில் தீர்கிறது

பி.ஆர்க் என்பது ஐந்து வருடம், பத்து செமஸ்டர். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் மதுரை தியாகராசர், திருச்சி என்ஐடி, சென்னை அண்ணா பல்கலைக்கழகம் என்று பிரிந்து போனாலும், பையில் கொண்டுபோவது ஏறக்குறைய ஒரே ரக மெஷின்தான்: 15.6 அங்குல கேமிங் லேப்டாப், ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு, அந்தக் கார்டுக்கென்றே 4 ஜிபி வீடியோ ரேம், 8 அல்லது 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. 2021-ல் சந்தைக்கு வந்த இந்த ரகம் ஒரு முழுப் படிப்பைத் தாண்டிவிட்டது. ஆகவே கடையில் பார்த்த கணக்கை விட்டு, ஓட்டிப் பார்த்த கணக்கில் பேசலாம்.

வாங்கும்போது எல்லோரும் விசாரிப்பது பிராசசரை. ஐ5-ஆ ஐ7-ஆ என்று ஒரு வாரம் விவாதம் நடக்கும். ஐந்து வருடத்தில் கடைசியாகப் பழசாவது அதுதான். முதலில் தீர்வது வீடியோ ரேம். அடுத்து எஸ்எஸ்டி இடம். பிறகு பேட்டரியும் கீலும். இந்த வரிசை தெரிந்தால் பணத்தை எங்கே போடுவது என்பதும் தெரிந்துவிடும்.

செட்டிநாட்டு வீட்டை அளந்து வரையும் மெஷர்டு டிராயிங் வேலையைவிட லேப்டாப்புக்கு நல்ல சோதனை கிடையாது. நவீன அபார்ட்மென்ட் மாடல் என்றால் தட்டையான சுவர்கள், எந்த மெஷினும் ஓட்டும். முகப்பு, வளவு (தூண்கள் சூழ்ந்த முற்றம்), இரண்டாம் கட்டு என்று நீளும் வீட்டில் கடைசல் தூண், செதுக்கிய நிலை, ஆத்தங்குடித் தரை (கையால் செய்யும் வண்ணக் கல் பதித்தது), நாட்டு ஓடு எல்லாம் சேர்ந்து ஒரே ஃபைலில் உட்காரும்.

நாட்டு ஓடுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். முப்பரிமாண மாடல் செய்யும் ஸ்கெட்ச்அப் மென்பொருளில் வளைவு வரைந்தால் இயல்பாக 12 துண்டுகள் வரும். மேல்பக்கம், அடிப்பக்கம், ஓரங்கள் எல்லாம் சேர்த்து ஒரு ஓட்டுக்கு 28 முகங்கள் (தட்டைப் பரப்புகள்). 10,000 ஓடு அடுக்கினால் 2,80,000. ஒரே ஓட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் காம்பொனென்ட் ஆக்கிவிட்டால் போதும் என்பது பாதி உண்மைதான். ஃபைல் அளவு குறையும், ஆனால் திரையில் வரைய வேண்டிய முகங்கள் குறையாது. வளைவை 6 துண்டாக்கி, கண்ணில் படாத அடிப்பக்கத்தையும் ஓரங்களையும் நீக்கினால் அதே கூரை 60,000 முகங்களில் முடிந்துவிடும். தூணும் இப்படித்தான். 24 பக்க வட்டத்தில் 40 துண்டுள்ள கடைசல் விளிம்பை ஃபாலோ மீ என்ற கருவியால் சுற்றினால் ஒரு தூணுக்கு 960 முகங்கள். வட்டத்தை 12 பக்கமாக்கினால் பாதி. வளவைச் சுற்றி நிற்கும் அத்தனை தூணுக்கும் இதைப் பெருக்கிக்கொள்ளுங்கள். இந்த ஒழுங்கு இல்லாமல் வரைந்தால் எவ்வளவு விலை கொடுத்த மெஷினும் தடுமாறும், ஏனென்றால் ஸ்கெட்ச்அப்பில் மாடல் செய்யும் வேலையில் பெரும்பகுதி பிராசசரின் ஒரே கோரில் ஓடுகிறது. கட்டடத்தை மாடலாக வரையும் ரெவிட் மென்பொருளும் பெரும்பாலும் அப்படியே. பதினாறு கோர் வாங்கினாலும் வேலை செய்வது ஒன்று, மற்றவை வேடிக்கை பார்க்கும். எல்லாக் கோரும் உழைப்பது முக்கியமாக விரே போன்ற மென்பொருளில் பிராசசரைக் கொண்டு ரெண்டர் போடும்போது, அதாவது மாடலை நிஜம்போலப் படமாக்கும்போதுதான். அதனால் பிராசசரில் பெயர் எச் அல்லது எச்எஸ் என்று முடியும் நடுத்தர வரிசை போதும். யு என்று முடியும் மெல்லிய ரகத்தைத் தவிர்த்தால் சரி.

இனி வீடியோ ரேம். ஆத்தங்குடிக் கல்லைப் படமெடுத்து 4096-க்கு 4096 பிக்சல் டெக்ஸ்சராக, அதாவது மாடலின் பரப்பில் ஒட்டும் படமாக, ஏற்றுகிறார்கள். சுருக்காமல் ஏற்றினால் ஒரு படத்துக்கு 64 எம்பி. நிறம், நார்மல் (மேடுபள்ளம்), பளபளப்பு, நிழல் என்று நான்கு படங்கள் சேர்ந்தால் ஒரு மெட்டீரியலுக்கு 256 எம்பி. அறைக்கு ஒரு டிசைன் என்று பத்து வகைக் கல் இருந்தால் 2.5 ஜிபி தரைக்கே போய்விட்டது. விண்டோஸும் பிரவுசரும் தங்கள் பங்கை எடுத்தபின், மரம் செடி வைப்பதற்குள் 4 ஜிபி நிரம்பிவிடும். நிரம்பியதும் மென்பொருள் நின்றுபோக வேண்டும் என்பதில்லை. மீதத்தைச் சாதாரண ரேமில் வைத்துக்கொண்டு ஊர்ந்து நகரும். சில நேரம் கறுப்புப் படம் வரும், சில நேரம் சொல்லாமல் மூடிக்கொள்ளும். ஜூரிக்கு (டிசைனை ஆசிரியர்கள் முன் வைத்து மதிப்பிடும் நாளுக்கு) முந்தின இரவில் ‘லேப்டாப் ஹேங் ஆகிறது’ என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இதுதான். டாஸ்க் மேனேஜரில் பர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் ஜிபியு-வைத் தட்டினால் ‘டெடிகேட்டட் ஜிபியு மெமரி’ என்ற வரி இருக்கும். அது உச்சத்தைத் தொட்டு நின்றால் சந்தேகமே வேண்டாம்.

மாற்று எளிது. 8 அல்லது 10 அங்குலக் கல் முழு ஹால் காட்சியில் சில நூறு பிக்சலைத் தாண்டாது. 1024 அளவில் சேமித்தால் படம் 4 எம்பி, பத்து மெட்டீரியலும் சேர்ந்து 160 எம்பி. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

ஆனாலும் புதிதாக வாங்குகிறவர் 4 ஜிபி பக்கம் போகவே வேண்டாம். 6 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 4050 குறைந்தபட்சம். 8 ஜிபி உள்ள 4060 அல்லது 5050 கிடைத்தால் நிம்மதி. வெள்ளைக் கண்ணாடிபோல மின்னும் செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சும் மெருகேறிய தேக்குத் தூணும் சரியாகத் தெரிய ஒளி பட்டுத் திரும்பும் வழியைக் கணக்கிடும் ரே டிரேசிங் வேண்டும், அதற்குத்தான் ஆர்டிஎக்ஸ். இன்னொரு சூட்சுமம்: ஒரே 4060 என்ற பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதை வேண்டுமானாலும் விற்கலாம். மெல்லிய அழகான மாடலில் வாட் குறைவாக இருக்கும், விலை கூடுதலாக இருக்கும். நிவிடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்தால் அதிகபட்ச பவர் எவ்வளவு என்று தெரியும். கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

செதுக்கிய நிலைக்கதவைப் படமெடுத்தே முப்பரிமாண மாடலாக்க நினைப்பவர்கள் நிவிடியா கார்டே வாங்குவது நல்லது. ரியாலிட்டி கேப்சர் (இப்போதைய பெயர் ரியாலிட்டி ஸ்கேன்) போன்ற மென்பொருள், நிவிடியா கார்டில் மட்டும் உள்ள CUDA வசதி இல்லாமல் மெஷ் (முக்கோணங்களால் ஆன வலை மாடல்) கட்டாது. ஒரு படத்தில் இருப்பதில் 70 முதல் 80 சதவீதம் அடுத்த படத்திலும் இருக்கும்படி எடுக்க வேண்டும். வெயில் நேராக விழும் நேரத்தில் எடுத்தால் நிழலும் செதுக்கல்போலப் பதிந்துவிடும். கிடைக்கும் மெஷ் பல லட்சம் முக்கோணங்களில் வரும். அதை அப்படியே ஸ்கெட்ச்அப்பில் இழுத்துப் போடாதீர்கள். பிளெண்டரில் டெசிமேட் மாடிஃபையர் கொண்டு 20,000 அளவுக்குக் குறைத்து, நுணுக்கத்தை நார்மல் மேப்பாகப் பதித்துக்கொண்டு பிறகு ஏற்றுங்கள்.

கார்டு நல்லதாக இருந்தும் ஸ்கெட்ச்அப் தடுமாறினால், அது உள்ளமைந்த கிராபிக்ஸில் ஓடிக்கொண்டிருக்கலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய் அந்த மென்பொருளைச் சேர்த்து ‘ஹை பர்ஃபார்மன்ஸ்’ கொடுங்கள். காசு செலவில்லாத வைத்தியம்.

ரேம் 16 ஜிபி மூன்றாம் வருடம் வரை தாங்கும். ரெவிட்டும் ஃபோட்டோஷாப்பும் ரெண்டர் மென்பொருளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் காலம் வந்தால் 32 வேண்டும். கழற்றி மாட்டும் ஸ்லாட் இருக்கிறதா, போர்டோடு ஒட்டியதா என்பதை வாங்குமுன் பாருங்கள். ஒட்டிய ரேமைப் பிறகு கூட்ட முடியாது. ஒற்றை 16-ஐ விட இரண்டு 8 வேகம் தரும். ஆனால் ஒற்றை 16 இருந்து ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் பின்னாளில் இன்னொன்று செருகி 32 ஆக்குவது மலிவு. டிடிஆர்4 ரேம் டிடிஆர்5 ஸ்லாட்டில் பொருந்தாது.

விளம்பரத்தில் யாரும் பேசாதது திரை. பட்ஜெட் மாடல்களில் 45 சதவீத என்டிஎஸ்சி (திரை காட்டும் நிறங்களின் அளவு) என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். கணினித் திரைகளுக்கான வழக்கமான நிற அளவான எஸ்ஆர்ஜிபி கணக்கில் அது ஏறக்குறைய 62 சதவீதம்தான். ஆத்தங்குடிக் கல்லின் காவிச் சிவப்பும் கரும்பச்சையும் அதில் சோகை பிடித்துத் தெரியும். மாணவர் என்ன செய்வார்? நிறத்தை ஏற்றுவார். ஷீட் பிரிண்ட் ஆகி வரும்போது தரை தேர்த்திருவிழா மாதிரி வந்து நிற்கும். 100 சதவீத எஸ்ஆர்ஜிபி, 300 நிட் வெளிச்சம், முடிந்தால் 16:10 வடிவம் என்று கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே மங்கல் திரை வாங்கிவிட்டவர்கள் லேப்டாப்பை மாற்ற வேண்டாம். அறையில் 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் ஒன்று போட்டுக்கொண்டால் கழுத்துக்கும் நல்லது. வளவின் வெளிச்சத்தில் 250 நிட் திரையில் கோடே தெரியாது என்பதையும், 2.3 கிலோ மெஷினோடு முக்கால் கிலோ அடாப்டரும் சேரும் என்பதையும் நினைத்தால், அளக்கப் போகும்போது ஸ்கெட்ச் நோட்டும் லேசர் மீட்டரும் போனும் போதும்.

சித்திரை வைகாசியில் வீட்டுக்கு வந்து வேலை செய்யும்போது இதே மெஷின் மெதுவாக ஓடுவதாகத் தோன்றும். பிரமை இல்லை. அறை வெப்பம் பத்து டிகிரி ஏறினால் சிப்பின் வெப்பமும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும். பிராசசர் 95–100 டிகிரியை எட்டியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆத்தங்குடித் தரை சில்லென்று இருக்கிறதே என்று லேப்டாப்பைத் தரையில் வைப்பவர்கள் உண்டு. குளிர்வது தரையால் அல்ல, அடியில் இழுக்கும் காற்றால். தரையில் வைத்தால் காற்றும் அடைபடும், புழுதியும் ஏறும். பின்பக்கத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூக்கி வையுங்கள். மெத்தை கூடவே கூடாது. மாடியில் கான்கிரீட் அறை இருந்தால் அதை விட்டுவிட்டு, தடித்த சுவருள்ள கீழறையில் ராத்திரி ரெண்டர் போடுவது கண்கூடாக நல்லது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபேன் தூசியை ஊத வேண்டும். ஊதும்போது இறக்கை சுழலாதபடி குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வருடம் தெர்மல் பேஸ்ட் மாற்றினால் மெஷின் மறுபடி மூச்சு விடும்.

பழைய வீடுகளில் இன்னொரு தொல்லை, எர்த். இரண்டு பின் பிளக், எர்த் இல்லாத பழைய வயரிங்கில் உலோக உடல் லேப்டாப்பைத் தொட்டால் சுருசுருவென்று இழுக்கும். மெஷின் பழுது என்று பயந்து சர்வீஸுக்கு அலைய வேண்டாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று பின் சாக்கெட்டுக்கு எர்த் இழுத்தால் நின்றுவிடும். மூன்றாவது பின்னை உடைத்துச் செருகுவதோ, அடாப்டர் மாட்டி இரண்டு பின்னாக்குவதோ தீர்வல்ல. இன்வெர்ட்டர் பழைய ஸ்கொயர் வேவ் ரகமாக இருந்தால் 180, 230 வாட் அடாப்டர் முனகும், சூடாகும். சைன் வேவ் ரகம் நல்லது. கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது கார்டு தன் சக்தியை வெகுவாகக் குறைத்துவிடும், ஆகவே ரெண்டரை நிறுத்திவிட்டு வரைவு வேலையைப் பாருங்கள்.

மேக்புக் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ், லூமியன் மூன்றும் விண்டோஸில் மட்டும். ஆர்க்கிகேட், ரைனோ, ஸ்கெட்ச்அப் மேக்கில் ஓடும். சேரப்போகும் கல்லூரியில் ரெவிட் பாடமா என்று சீனியர்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அண்ணனோ அக்காவோ விட்டுப்போன பழைய இன்டெல் 7-ஆம் தலைமுறை லேப்டாப் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, அந்தத் தலைமுறையில் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. ஆனாலும் முதல் வருடத்து எழுத்து வேலைக்கும் பிரசென்டேஷனுக்கும் அது போதும். முதல் வருடத்தில் பெரும்பகுதி டிராஃப்டரும் ஷீட்டும் பென்சிலும்தான். அப்பச்சி ஒருமுறைதான் லட்ச ரூபாய் எடுத்துக் கொடுப்பார். அதைச் சேரும் வாரத்திலேயே செலவழிக்காமல் மூன்றாம் செமஸ்டருக்கு முன் வாங்கினால் அதே பணத்துக்கு ஒரு படி மேலான கார்டு கிடைக்கும், வாரண்டியும் தேவைப்படும் வருடங்களில் உயிரோடு இருக்கும். ரெவிட், ஆட்டோகேட் போன்ற ஆட்டோடெஸ்க் மென்பொருள்களுக்குக் காசு வேண்டாம். மாணவர் உரிமம் இலவசம், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். ரெவிட்டில் புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது, எனவே குழு வேலை என்றால் எல்லோரும் ஒரே பதிப்பை ஏற்றுங்கள்.

512 ஜிபி இரண்டாம் வருட முடிவில் சிவப்புக் கோடு காட்டும். எஸ்எஸ்டி செருக இரண்டாவது எம்.2 ஸ்லாட் உள்ள மாடலாகப் பார்த்து வாங்கினால் பின்னால் 1 டிபி செருகிக்கொள்ளலாம். எஸ்எஸ்டியில் 15 சதவீதமாவது காலியாக இருக்கட்டும். ஆட்டோகேட் ஃபைல் கெட்டுப்போனால் முதலில் பக்கத்திலிருக்கும் பிஏகே (.bak) என்ற நகல் ஃபைலை .dwg என்று பெயர் மாற்றித் திறந்து பாருங்கள், பிறகு ரெக்கவர், ஆடிட், பர்ஜ் கட்டளைகளைக் கொடுங்கள்.

பேட்டரியை எந்நேரமும் சார்ஜில் வைத்து ஓட்டுவதால் 80 சதவீத வரம்பை முதல் நாளே போட்டுவிடுங்கள். டச்பேட் மேலெழும்பினால் பேட்டரி உப்புகிறது என்று பொருள், அன்றே நிறுத்தி மாற்ற வேண்டும். கீல் உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு மூலையைப் பிடித்துத் திறப்பது. கீலைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் பிடிமானத்தில் ஸ்க்ரூ தளரும், பிறகு ஓரம் வாயைப் பிளக்கும். நடுவில் பிடித்துத் திறந்து, ஸ்க்ரூ தளர்ந்த கட்டத்திலேயே இறுக்கினால் மேல்மூடி மாற்றும் செலவு மிச்சமாகும். வாரண்டி ‘ஆன்சைட்’ (வீட்டுக்கே வந்து பழுது பார்ப்பது) என்று போட்டிருந்தாலும் காரைக்குடியின் 630001 பின்கோடுக்கு ஆள் வருவாரா, மதுரைக்கோ திருச்சிக்கோ தூக்கிப்போக வேண்டுமா என்று கம்பெனியின் உதவி எண்ணில் கேட்டபின் பில் போடுங்கள். கீழே விழுந்ததற்கும் தண்ணீர் பட்டதற்கும் சாதாரண வாரண்டி வராது. ஹாஸ்டல் பிள்ளைக்கு அந்தத் தனிப் பாதுகாப்பைச் சேர்த்து எடுங்கள், நீட்டிப்பு வாரண்டியை முதல் வாரண்டி முடியுமுன் கட்டுங்கள்.