நான்கு மாரி கண்ட மழை ஜக்கெட்

கல்லடியில் இருக்கும் மச்சான் தை மாதம் சிவனொளிபாதமலைக்குப் போகிறாராம். "நீங்கள் போடும் அந்த மெல்லிய மழை ஜக்கெட்டையே நானும் வாங்கட்டுமா?" என்று நேற்றிரவு தொலைபேசியில் கேட்டார். ஓம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. நான்கு மாரியாக என்னோடு இருக்கும் உடுப்பு அது.

மட்டக்களப்புக்கு அது அருமையான பொருள். மார்கழி விடியலில் மோட்டார் சைக்கிளில் கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது மழை பக்கவாட்டில் அடிக்கும். வேலைக்குப் போய்ச் சேர்ந்து கழற்றினால் சேர்ட் காய்ந்தபடியே இருக்கும். சுருட்டினால் ஒரு தண்ணீர்ப் போத்தல் அளவுதான். அந்த நம்பிக்கையில்தான் இரண்டு வருடத்துக்கு முன் அதை மலைக்கும் கொண்டு போனேன்.

மலையடிவாரத்து நல்லதண்ணியில் இருந்து இரவு ஏறத் தொடங்கினோம். பாதி வழியில் மழை பிடித்தது. கழுத்துவரை சிப்பை இழுத்துக்கொண்டு வேகமாக ஏறினேன். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். உடல் அடுப்பாகக் கொதித்தது. உச்சியில் சூரிய உதயத்துக்காக நின்ற பத்தாவது நிமிடத்தில் பற்கள் அடிக்கத் தொடங்கின. கையை உயர்த்தினேன், மணிக்கட்டுப் பட்டியில் இருந்து நீர் முழங்கை வரை வழிந்தது. அது மழைநீர் அல்ல, என் வியர்வை. உள்ளே போட்டிருந்த பருத்திப் பெனியனைப் பிழிந்தால் ஒரு கோப்பை நிறைந்திருக்கும். பக்கத்தில் ஒரு வயதான அம்மா கம்பளிச் சால்வையைப் போர்த்தி, மேலே வெறும் பொலித்தீன் தாளைப் போட்டுக்கொண்டு நடுக்கமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். ஜக்கெட்மேல் வந்த அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜக்கெட்டைக் குற்றம் சொல்வதில் பாதிதான் நியாயம். 2,243 மீற்றர் உயரத்தில் நம் கரையோரச் சூட்டை எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் ஏறத்தாழ ஆறு பாகை குறைகிறது. இந்த மெல்லிய துணிக்குச் சூட்டைப் பிடித்துவைக்கும் தடிப்பு கிடையாது. நனைந்த பருத்தி உடலோடு ஒட்டிச் சூட்டை உறிஞ்சும்; கம்பளி நனைந்தாலும் ஓரளவு காக்கும்.

மற்றப் பாதிக் குற்றம் ஜக்கெட்டுடையதுதான். புதிதில் மழைத்துளி சேம்பிலையில் ஓடுவதுபோல உருண்டு ஓடியது. முதுகுப்பையின் பட்டி உரசும் தோள்களில், நீரை உருட்டிவிடும் அந்த வெளிப்பூச்சு முதலில் போனது. அந்த இடத்தில் துணி தண்ணீரைக் குடித்துக் கறுத்து நிற்கும். உள்ளே ஒழுகாது, ஆனால் வியர்வை ஆவியும் வெளியேறாது. துவைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டதில் கொஞ்சம் மீண்டது. இந்த ஆவணியில் அலுமாரியைத் திறந்தால் உட்பூச்சு பிசுபிசுத்துச் செதில் செதிலாக உதிர்கிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் மடித்து வைத்தால் இந்தப் பூச்சு இப்படித்தான் சிதையும். தூக்கி மாட்டி வைத்திருக்கவேண்டும். விற்றவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை. தையல் வழியே நீர் புகாமல் உள்ளே ஒட்டியிருக்கும் நாடா தோள் மூட்டில் பிரிந்தது; அதை ஒட்டித் தர டவுனில் தையல்காரருக்கு 800 ரூபா கொடுத்தேன்.

சிவனொளிபாதமலைக்குப் பிறகு குடும்பிமலைக்குப் போனபோது வேறு விதமாகச் செய்தேன். உள்ளே பொலியெஸ்டர் ஜேர்ஸி, தூறலுக்கு ஜக்கெட்டே போடவில்லை, பெருமழைக்கு மட்டும் போட்டுச் சிப்பை நெஞ்சுவரை திறந்துவிட்டு மெதுவாக ஏறினேன். காய்ந்த உடுப்பு ஒன்றைப் பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு போய், நின்றவுடன் மாற்றினேன். குளிரவில்லை. அது சின்ன மலைதான், ஆனாலும் வழி அதுதான் என்று தெரிந்துகொண்டேன்.

மச்சானுக்கு என் பதில்: மலைக்கென்று இதை வாங்கவேண்டாம். அந்தக் காசில் நல்ல கம்பளி மேலுடுப்பு ஒன்றை வாங்குங்கள், மழைக்குச் சாதாரண ரெயின்கோட் போதும். என்னுடையதை இரவலாகவும் தரமாட்டேன். ஐப்பசி பிறக்கப் போகிறது, பாலத்தைக் கடக்க எனக்கு அது வேண்டும்.