மொத்தமாகவா, கட்டம் கட்டமாகவா, விதிப்படியா? முதலீட்டு முடிவும் மேலாளரின் கவனமும்

சந்தை எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாதபோது பெரிய முதலீட்டுக்கு மூன்று வழிகள் உண்டு. மொத்தப் பணத்தையும் ஒரே முடிவில் இறக்கலாம், கட்டம் கட்டமாக விடுவிக்கலாம், அல்லது முன்பே வகுத்த ஒரு விதியிடம் விட்டுவிடலாம். பணத்தை மட்டும் கணக்குப் பார்த்தால் இரண்டாவதுதான் சிறந்தது. தலைமையின் நேரத்தையும் செலவில் சேர்த்தால் அப்படிச் சொல்லிவிட முடியாது.

மொத்த முதலீட்டுக்குக் கவனம் ஒருமுறை போதும். ஆபத்தும் அங்கேதான். மோட்டோரோலா தொடங்கிய இரிடியம் என்ற செயற்கைக்கோள் தொலைபேசித் திட்டத்துக்கு 66 செயற்கைக்கோள்கள் தேவைப்பட்டன. செலவு சுமார் 500 கோடி டாலர். 1998 நவம்பரில் சேவை தொடங்கி, 1999 ஆகஸ்டில் திவாலானது. திட்டம் கருக்கொண்ட 1980களுக்குப் பிறகு சாதாரண செல்பேசி எங்கும் பரவிவிட்டிருந்தது. பாதியில் நிறுத்தினால் எதுவும் மிஞ்சாத திட்டத்தில் மறுஆய்வால் பெரிய பயனில்லை. பிரிக்கவே முடியாத முதலீட்டுக்கு மட்டும் இந்த வழி.

கட்டம் கட்டமாகக் கொடுப்பதன் பலம், நிறுத்தும் உரிமை. அதை யாராவது பயன்படுத்தினால்தான் அதற்கு மதிப்பு. ஒரு முதலீட்டுக் குழு மாதம் 2 மணி நேரம் கூடுகிறது, கையில் 12 திட்டங்கள், காலாண்டுக்கு ஒரு மறுஆய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 24 மணி நேரம், 48 மறுஆய்வுகள். ஒன்றுக்கு 30 நிமிடம். அதில் 20 நிமிடத்தைத் திட்டத்தின் தலைவரே பேசித் தீர்த்துவிடுவார். மிச்சமிருக்கும் நேரத்தில் "இன்னும் ஒரு காலாண்டு பார்ப்போம்" என்பதே எளிய பதில். தோற்ற திட்டங்கள் சாகாமல் இழுபடுவது இப்படித்தான். தைரியக் குறைவு என்று இதைப் பழிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

இதற்கு மருந்து, திட்டங்களை 6 ஆகக் குறைப்பது. ஒன்றுக்கு 1 மணி நேரம் கிடைக்கும். கூடவே, முதல் தவணை போகும் முன்பே நிறுத்தும் நிபந்தனையை ஒரே வரியில் எழுத வேண்டும்: எந்தத் தேதி, எந்த அளவுகோல், எந்த எண். எண்ணை எட்டாவிட்டால் பணம் தானாக நிற்க வேண்டும். தொடர விரும்புபவர்தான் காரணம் சொல்ல வேண்டும்.

விதியிடம் விடும் மூன்றாவது வழிக்குச் சான்று, சில்லு தயாரிக்கும் இன்டெல் நிறுவனம். சில்லுகள் உருவாக்கப்படும் சிலிக்கான் தகடான வேஃபர் ஒன்றுக்கு எவ்வளவு லாப வரம்பு என்று பார்த்தே உற்பத்தித் திறனைப் பங்கிட்டார்கள். ஜப்பானிய போட்டியில் டிரேம் நினைவகச் சில்லின் விலை சரிந்தபோது, 1985இல் தலைமை அதைக் கைவிட முடிவெடுக்கும் முன்பே, ஆலைகளில் பெரும்பகுதி, கணினியின் மூளையான மைக்ரோபிராசஸருக்கு மாறிவிட்டிருந்தது. விதி எட்டாத ஆராய்ச்சிச் செலவிலோ நினைவகத்துக்குப் பெரும் பங்கு தொடர்ந்தது.

ஆனால் லாப வரம்பைப் பார்க்கும் விதிக்கு, இன்னும் பிறக்காத சந்தை தெரியாது. ஐபோனுக்கான சில்லைத் தயாரிக்க இன்டெல் மறுத்ததற்குக் காரணம், ஆப்பிள் தரவிருந்த விலை தங்கள் மதிப்பீட்டுச் செலவைவிடக் குறைவாக இருந்தது என்று இன்டெல்லின் தலைமை நிர்வாகியாக இருந்த பால் ஒட்டெலினி 2013இல் சொன்னார். மதிப்பீடும் தவறு, விற்பனை எதிர்பார்த்ததைப் போல 100 மடங்கு. அன்றாடப் பங்கீட்டுக்கு விதியை வைத்துக்கொள்ளலாம். அது நிராகரித்தவற்றின் பட்டியலை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை, வேறு எந்தப் பொருளும் இல்லாத கூட்டத்தில், தலைமை பார்க்க வேண்டும்.