ஐசியூவில் படுக்கைப்புண் அபாயம்: பிரேடனா, கபின்-ஜாக்சனா?

எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில், நோயாளிக்குப் படுக்கைப்புண் வரும் அபாயத்தை மதிப்பெண் போட்டுக் கணிக்கும் பிரேடன் அளவுகோலை விட்டுவிட்டு, அதே வேலைக்கான இன்னொரு அளவுகோலான கபின்-ஜாக்சனுக்கு மாறியிருக்கிறோம். வார்டில் எல்லாரும் பிரேடன் போடும்போது உங்களுக்கு மட்டும் ஏன் வேறு என்று கேட்கிறவர்களுக்கான பதில் இது. நான் மாற்றத்துக்கு ஆதரவாக நின்றவள், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

விஷயம் சின்னதல்ல. 2018-இல் ஒரே நாளில் 90 நாடுகளின் 1,117 ஐசியூக்களில் எடுத்த கணக்கெடுப்பில் 13,254 நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் 26.6 சதவீதம் பேருக்கு அழுத்தப்புண், அதாவது படுக்கைப்புண். அந்தப் புண்களில் பாதிக்கும் மேல் ஐசியூவுக்கு வந்த பிறகு உண்டானவை.

முதலில் ஒதுக்கிவிடக்கூடிய இரண்டு அளவுகோல்கள். நார்ட்டன் 1962-இல் முதியவர்களைப் பார்த்து உருவானது. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு அது போதாது. 1985-இல் வந்த வாட்டர்லோவில் 20-ஐ எட்டினாலே மிக அதிக அபாயம். ஐசியூவில் பெரும்பாலோர் எட்டிவிடுகிறார்கள். எல்லாருக்கும் சிவப்பு விளக்கு எரிந்தால் யாரை முதலில் கவனிப்பது?

பிரேடன் மீதும் இதே புகார்தான், ஆனால் அதை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. உணர்வு, ஈரம், நடமாட்டம், உடலை அசைக்கும் திறன், ஊட்டம், உராய்வு என்று ஆறே தலைப்பு. மொத்தம் 6 முதல் 23 வரை; 18-உம் அதற்குக் கீழும் அபாயம். பழகிய கைக்கு ஓரிரு நிமிடம் போதும். புதிதாகச் சேர்ந்தவருக்கும் படிக்கும்போதே அறிமுகமாகியிருக்கும். ஈரத்தில் மதிப்பெண் குறைந்தால் தோலுக்குத் தடுப்பு க்ரீம், உராய்வில் குறைந்தால் இழுக்காமல் தூக்கி நகர்த்துவது என்று, எங்கே குறைகிறதோ அங்கேயே செய்ய வேண்டியதும் தெரிகிறது. இது உண்மையான பலம்.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று: நோயாளியின் நிலை மாறும்போது மதிப்பெண்ணும் மாறுகிறதா?

மயக்க மருந்தில், வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேடனில் உணர்வு 1, நடமாட்டம் 1, அசைவு 1, உராய்வு 1. சிறுநீர்க் குழாய் இருப்பதால் ஈரம் 3 என்று வைப்போம். குழாய் உணவு இன்னும் முழு அளவுக்கு வரவில்லை என்றால் ஊட்டம் 2. மொத்தம் 9. அன்று ராத்திரி பிபி விழுகிறது, ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்தை ஆரம்பிக்கிறார்கள், டோஸ் ஏறிக்கொண்டே போகிறது, ஆக்சிஜன் 60 சதவீதத்துக்கு மேல் தேவைப்படுகிறது. இப்போது பிரேடன்? அதே 9. அந்த மருந்து தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, முக்கிய உறுப்புகளுக்கு ரத்தத்தைத் திருப்புகிறது. முதுகின் அடிப்பகுதியிலும் குதிகாலிலும் ஏற்கெனவே அழுத்தம் வாங்கிக்கொண்டிருக்கும் தோலுக்கு வருவது இன்னும் குறைகிறது. அபாயம் மிக வேகமாகக் கூடும் நேரம் அதுதான். அப்போது தாளில் ஒரு எண்ணும் அசையவில்லை.

கபின்-ஜாக்சன் 1991-இல் ஐசியூவுக்கென்றே எழுதப்பட்டு, 1999-இல் திருத்தப்பட்டது. நாங்கள் பயன்படுத்துவது திருத்தப்பட்ட வடிவம். பன்னிரண்டு தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை. மொத்தம் 29-உம் அதற்குக் கீழும் அதிக அபாயம். ரத்த ஓட்ட நிலை, சுவாசம், ஆக்சிஜன் தேவை மூன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. மேலே சொன்ன நோயாளிக்கு ரத்த ஓட்டம் மருந்தில்லாமலே நிலையாக இருந்தவரை 4. மருந்து கொடுத்தும் நிலைக்கவில்லை என்றால் 1. ஆக்சிஜன் தேவை 4-இலிருந்து 1. ஒரே ராத்திரியில் ஆறு மதிப்பெண் சரிவு. ரத்தம் ஏற்றினால் ஒன்று கழியும், ஸ்கேனுக்கோ ஆபரேஷனுக்கோ கொண்டுபோய் வந்தால் இன்னொன்று கழியும். அடுத்த ஷிப்ட்டுக்கு வருகிறவர் சார்ட்டைத் திறந்ததுமே நிலைமை புரிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆக்சிஜன் தலைப்பு. நோயாளியை அசைக்கும்போது ஆக்சிஜன் அளவு இறங்குகிறதா என்று அது கேட்கிறது. இறங்கினால் அவரைத் திருப்பிப் படுக்க வைக்கத் தயங்குவோம், திருப்பாத ஒவ்வொரு மணி நேரமும் தோலுக்குச் சுமை. அப்படிப்பட்டவரை முழுதாகத் திருப்ப முடியாவிட்டாலும் சற்றே சாய்த்து வைக்கலாம், குதிகாலைப் படுக்கையில் படாமல் தூக்கி வைக்கலாம், முதுகின் அடியில் சிலிக்கோன் நுரை டிரெஸ்ஸிங்கை முன்கூட்டியே ஒட்டலாம். யாருக்கு இவையெல்லாம் இன்றே வேண்டும் என்று பிரித்துக் காட்டுவதுதான் எனக்கு வேண்டிய வேலை.

குறைகளும் இருக்கின்றன. நிரப்ப நேரம் கூடுதல். வயது, பழைய நோய்கள் போன்ற தலைப்புகள் தங்கியிருக்கும் காலம் முழுக்க நகரவே நகராது. 'நிலையாக இருக்கிறார்' என்பதை இரண்டு பேர் இரண்டு விதமாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஆரம்பத்தில் இரண்டு நர்ஸ்கள் தனித்தனியாகப் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

காம்ஹான் என்று ஸ்பெயினில் உருவான ஒன்றும் இருக்கிறது. ஐந்தே தலைப்பு, ரத்த ஓட்டமும் ஆக்சிஜனும் அதிலும் உண்டு. ஆள் பற்றாக்குறை உள்ள பிரிவுக்கு இதுவே பொருந்தக்கூடும் என்று நினைக்கிறேன், ஆனால் அதை நான் தொடர்ந்து பயன்படுத்தியதில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: இதில் மதிப்பெண் கூடினால் அபாயம் கூடும், பிரேடனுக்கு நேர் எதிர். இரண்டும் ஒரே ஆஸ்பத்திரியில் ஓடினால் குழப்பம் வரும். குழந்தைகளுக்கும் தீக்காயம் பட்டவர்களுக்கும் நான் சொல்வது எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பிரிவுகளில் எனக்கு அனுபவம் இல்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, அளவுகோலைப் போடுவதாலேயே புண் குறைகிறது என்று ஆய்வுகள் இதுவரை நிரூபிக்கவில்லை. தோலைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. தொட்டு, சூடோ குளிர்ச்சியோ இறுக்கமோ பக்கத்துத் தோலிலிருந்து வேறுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம், மூக்கில் மாஸ்க், உதட்டோரம் சுவாசக் குழாய், விரலில் ஆக்சிஜன் கிளிப் என்று கருவிகள் அழுத்தி வரும் புண்களை பிரேடனும் சரி கபின்-ஜாக்சனும் சரி கணக்கில் எடுப்பதில்லை. அதற்கு சார்ட்டில் தனி வரி போட்டிருக்கிறோம்.

பிரேடனை முழுதாகக் கைவிடவும் இல்லை. ஐசியூவிலிருந்து வார்டுக்கு அனுப்பும் நாளில் அதையும் போட்டு அனுப்புகிறோம். எழுந்து உட்கார ஆரம்பித்தவரிடம் நடமாட்டமும் அசைவும் மெல்லக் கூடுவதை அது நன்றாகவே காட்டுகிறது, வார்டு நர்ஸ்களுக்கும் அந்த எண்தான் பழக்கம். ஐசியூவுக்குள் இருக்கும்வரை ஒவ்வொரு ஷிப்ட்டிலும், ரத்த அழுத்த மருந்து ஆரம்பித்தாலோ ஆக்சிஜன் தேவை ஏறினாலோ உடனேயும், கபின்-ஜாக்சன்.